நிறைகுளத்தாள்

ஞாயிறு காலை ஆறே முக்கால்.
இரும்புக் கதவெல்லாம் சிவப்புச் சாயம்,
கொடியில் காய்ந்த பள்ளிச் சீருடையில் இரண்டு துளி.
சுவரில் ஒரு கைப்பேசி எண்,
கடனைக் கட்டு என்று மலாயில் ஒரு வரி,
அதற்கு மேல் என் பெயர்,
ஆளுயர ஆங்கில எழுத்தில்,
பிழையே இல்லாமல்.

முப்பத்தொன்பது வருஷத்தில்
என் பெயரை முழுசாக எழுதியவர்கள்
வட்டிக்கு விடும் இந்தப் பையன்கள்தான்.

பிறப்புப் பத்திரத்தில் கிராணி ஒரு எழுத்தை முழுங்கினார்.
ஐசியில் இன்னொன்று போயிற்று.
வங்கி அட்டையில் இடம் பற்றாமல்
குளத்தோடு நின்றுவிட்டேன்.
எண்ணெய் ஆலை எடைமேடையில்
செம்பனைக்குலை ஏற்றி வரும் லோரிக்காரர்களுக்கு
நான் காக் நிரா.

கிளினிக்கில் தாதி ஒருத்தி அர்த்தம் கேட்டாள்.
நிறைந்த கோலாம் என்றேன்.
கோலாம் எங்கள் சொல்லாயிற்றே என்று சிரித்தாள்.
குளம்தான் அக்கா அது.
எங்கள் ஆட்களுக்கு ரொம்ப முன்னாலேயே கப்பலேறி வந்து
சிவப்பு ஐசியோடு அலையாமல்
உங்கள் வாயில் குடியுரிமை வாங்கிக்கொண்டது.
இதைச் சொல்லவில்லை. ஊசி அவள் கையில் இருந்தது.

இராமநாதபுரத்துப் பக்கம் இது சாமி பெயர்.
குளக்கரை ஐயனார்.
ஆண் பிறந்தால் நிறைகுளத்தான், பெண்ணென்றால் நான்.
குளம் நிறைகிற ஊர்க்காரன்
பிள்ளைக்கு வேறு ஏதாவது வைத்திருப்பான்.
கண்மாய் வெடித்துக் கிடந்த வருஷங்களில்தான்
இந்தப் பெயர் பெருகியிருக்கும் என்பது
என் சொந்தக் கணக்கு.

இங்கே பகாவில் மழைக்குக் குறைவில்லை.
பெயர்தான் வற்றிவிட்டது.
எங்கள் தாமானில் எட்டு வீட்டுக்குள்
மூன்று கவினிஷா, இரண்டு தனுஷ்ரீ.
யாரைக் குறை சொல்ல?
நானே எண்கணிதக்காரருக்கு ஐம்பது வெள்ளி கொடுத்து
மகளுக்கு லவனிஷா என்று வைத்தவள்.
ஆனாலும்
நாட்டிலேயே நான் ஒருத்திதான் என்று
உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது.

பாலாயில் கோப்ரல் கணினியைத் தட்டினார்.
உனக்கு ஒரு ஜோடி இருக்கிறது என்றார்.
எங்கே?
பன்னிரண்டு கிலோமீட்டர்.
தோட்டத்து மூணாம் டிவிஷன்.

பையன்கள் பெயரைச் சொல்லி விசாரித்திருப்பார்கள்.
ஊர் என்னைக் காட்டியிருக்கும்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன்.
திட்டத்தான் போனேன்.
கடைசி வீடு. பூட்டு. திரைச்சீலை இல்லாத சன்னல்.
பக்கத்து வீட்டு வங்காளதேசத்துப் பையன்
வியாழன் ராத்திரி என்றான்,
இடுப்புயரத்தில் கை வைத்து ஒரு பிள்ளை என்றான்,
மார்போடு எதையோ அணைத்துக் காட்டினான்.
சோற்றுப் பானையாக இருக்கலாம்.

கதவிடுக்கில் மின்சார பில்.
எடுத்துப் பார்த்தேன்.
முழுப் பெயர், ஒரு எழுத்து குறையவில்லை.
அவளுக்கு நல்ல கிராணி வாய்த்திருக்கிறார்.
என் சுவரில் இருந்தது
என் பெயரே இல்லை, அவளுடையது.

அப்போதுதான் தோன்றியது.
இத்தனை வருஷம் இந்தப் பெயருக்குத் திரும்பியிருக்கிறேன்,
இதைச் சொல்லி ஒருவரையும்
நான் கூப்பிட்டதில்லை.

கூப்பிட்டேன்.
நிறைகுளத்தாள்.
வாயில் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று தெரியாது.
இன்னொரு தடவை, சத்தமாக.

உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
போகிற அவசரத்தில் சரியாக மூடவில்லை.
வீட்டைச் சுற்றிப் போய்,
புல்லை விலக்கி மீட்டரைத் தேடி
வால்வைத் திருகி அடைத்தேன்.

தண்ணீர் பில்லும்
எங்கள் பெயரில்தானே வரும்.